பிலோமினா: பெயர் எங்கிருந்து வந்தது, புனிதர் எங்கே போனார்?

பிலோமினா என்ற பெயர் இல்லாத கத்தோலிக்கத் தமிழ்ப் பங்கு அரிது. பாட்டி தலைமுறையில் பிலோமினம்மாள், அம்மா தலைமுறையில் பிலோமினா, வீட்டுக்குள் பிலோ அல்லது மினா. இந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று இணையத்தில் தேடினால் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று தகவல்கள் வந்து விழும். பெயருக்கு ‘ஒளியின் மகள்’ என்று பொருள் என்கிறது ஒன்று. அது நைட்டிங்கேல் பறவையின் பெயர் என்கிறது இன்னொன்று. அப்படி ஒரு புனிதரே இல்லை, 1961-இல் வத்திக்கான் நீக்கிவிட்டது என்று மூன்றாவது ஒன்று அதிர வைக்கிறது.

முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி உண்மை. ஆனால் மூன்றுமே வெறும் புரளி அல்ல. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் முளைத்தது என்று காட்ட முடியும். அதற்குப் பெயரையும் புனிதரின் கதையையும் முதலில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெயருக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். கதைக்கு இருநூறுதான்.

வேர்ச்சொல்

‘ஃபிலெயோ’ என்றால் கிரேக்கத்தில் ‘நேசிக்கிறேன்’. பிலிப்பு (குதிரைகளை நேசிப்பவன்), ஃபிலாசஃபி (ஞானத்தின் மேல் நேசம்) எல்லாம் இந்தக் குடும்பம்தான். இந்த வினையின் செயப்பாட்டு வடிவத்தைப் பெண்பாலில் சொன்னால் ‘ஃபிலூமெனே’. நேசிக்கப்படுகிறவள் என்று பொருள். நம் ஊரில் பிரியா என்று பெயர் வைப்பவர்கள் மனத்தில் இருக்கும் அதே பொருள். கிரேக்கர்களுக்கு இது தெய்வத்தன்மையோ மறைபொருளோ கொண்ட பெயரல்ல. வீட்டுப் பெண்களுக்கு வைத்த சாதாரணப் பெயர்.

பெயர்ப் புத்தகங்களில் அடிக்கடி காணும் விளக்கங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

1. ‘ஃபிலோஸ்’ (அன்பு) + ‘மெனோஸ்’ (உள்ளுரம்) = வலிமையை நேசிப்பவள். யூமெனஸ் போன்ற ஆண் பெயர்களில் மெனோஸ் உண்மையில் உண்டு. அதனால் இது கேட்பதற்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் நம் பெயரில் வரும் ‘மெனே’ தனிச் சொல் அல்ல, செயப்பாட்டு விகுதியின் ஒரு பகுதி. ‘செல்வி’ என்பதைச் செல் + வி என்று உடைத்து இரண்டுக்கும் பொருள் சொல்வதைப் போன்ற வேலை இது.

2. ‘ஃபிலியா லூமினிஸ்’ = ஒளியின் மகள். இது லத்தீன். கிரேக்கப் பெயருக்கு லத்தீனில் வேர் தேடுவது தொடக்கத்திலேயே வழி தவறுவதாகும். இந்த விளக்கம் எப்படிப் பிறந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

3. ‘ஃபிலூமெனே’ = நேசிக்கப்படுகிறவள். இலக்கணமும் பழைய எழுத்து வடிவங்களும் இதற்கு மட்டுமே ஒத்துவருகின்றன.

பெயர் பழையது என்பதற்கு ரோம நாடகங்களே சாட்சி. கி.மு. 166-இல் மேடையேறிய ‘ஆந்த்ரியா’, அடுத்த ஆண்டின் ‘ஹெக்கிரா’ என்ற தெரென்ஸின் இரண்டு நகைச்சுவை நாடகங்களிலும் ஃபிலுமேனா என்றொரு பெண் உண்டு. இரண்டுமே கிரேக்க நாடகங்களைத் தழுவியவை. இரண்டிலும் அவளுடைய திருமணத்தைச் சுற்றித்தான் கதை சுழல்கிறது. ஆனாலும் அவள் மேடைக்கு வருவதில்லை. மற்றவர்களே அவளைப் பற்றிப் பேசித் தீர்க்கிறார்கள்.

கிறிஸ்தவ வரலாற்றிலும் இந்தப் பெயர் சீக்கிரமே தலைகாட்டுகிறது, ஆனால் யாரும் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. இரண்டாம் நூற்றாண்டில், திருச்சபை விலக்கிய போதகரான மார்சியனின் வழிவந்த அப்பெல்லெஸ் என்ற ஆசிரியரோடு ஃபிலுமேனே என்ற பெண் இருந்தார். அவர் இறைவாக்கு உரைப்பவர் என்று அப்பெல்லெஸின் குழுவினர் நம்பினர். திருச்சபைத் தந்தையரில் ஒருவரான தெர்த்துல்லியன் அவரைக் கடுமையாகச் சாடி எழுதியிருக்கிறார். ஆக, எழுத்தில் நாம் சந்திக்கும் முதல் கிறிஸ்தவ ஃபிலுமேனேக்களில் ஒருவர் தவறான போதனைக்காரர் என்று பழிக்கப்பட்டவர். பின்னாளில் இந்தப் பெயருக்குக் கிடைத்த புனிதப் பொலிவை நினைத்தால் இது வேடிக்கைதான்.

உகரம் எப்படி ஓகாரமானது

கிரேக்கத்தில் ‘ஊ’, லத்தீனில் ‘உ’. அப்படியானால் பிலுமேனா என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ‘லோ’ எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நைட்டிங்கேல் பறந்து வருகிறது. ஏதென்ஸ் மன்னன் பாண்டியோனின் மகள் ஃபிலோமேலா. (மன்னன் பெயரைக் கண்டு மதுரைக்கு ஓட வேண்டாம், உறவு எதுவும் இல்லை.) அவளுடைய அக்காள் கணவன் தெரேயஸ் அவளைக் கெடுத்து, வெளியே சொல்லாதபடி நாக்கையும் அறுத்துவிடுகிறான். நடந்ததைத் துணியில் நெய்து அவள் அக்காளுக்கு அனுப்புகிறாள். கடைசியில் தெய்வங்கள் எல்லோரையும் பறவைகளாக்குகின்றன. ரோமக் கவிஞர்களின் வழக்கில் ஃபிலோமேலா நைட்டிங்கேல் ஆகிறாள்.

ஃபிலோமேலா, ஃபிலுமேனா இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் கிரேக்கம் படித்தவர்கள் குறைவு. ஏடு பெயர்த்தவர்கள் கையில் இரண்டும் கலந்து ‘ஃபிலோமேனா’ என்றாயின. இடைக்கால லத்தீனில் நைட்டிங்கேலுக்கே ஃபிலோமேனா என்ற பெயர் வழங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் போக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ கதைசொல்லிகளான ஏழு பெண்களில் ஒருத்தியின் பெயர் ஃபிலோமேனா. இத்தாலியில் அந்த ஓகாரம் நிலைத்துவிட்டது. நாம் இன்று சொல்லும் வடிவம் அந்த இத்தாலிய வழியில் வந்தது.

தொடக்க எழுத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பழைய கிரேக்கத்தில் முதல் ஒலி ‘ஃப’ அல்ல, மூச்சு கலந்த ‘ப’. பின்னாளில்தான் அது ‘ஃப’ ஆனது. ‘ஃ’ போடத் தெரியாமல் ‘பிலோமினா’ என்று எழுதுகிறார்கள் என்று குறைப்படுவோர் உண்டு. தற்செயலாக என்றாலும், அந்தப் ‘பி’ பழைய கிரேக்க உச்சரிப்புக்கு நெருக்கமானது.

1802: மூன்று ஓடுகள்

இனி புனிதரின் கதை. ரோமில் சலாரியா சாலையோரம் பிரிசில்லா சுரங்கக் கல்லறை இருக்கிறது. மென்பாறையைக் குடைந்து சுவர்களில் அடுக்கடுக்காகக் குழிகள் வெட்டி, உடலை வைத்து, ஓடுகளால் மூடிச் சாந்து பூசுவார்கள். 1802 மே 24 அன்று அங்கே ஒரு குழி கண்ணில் பட்டது. மறுநாள் திறந்தார்கள். உள்ளே பதின்மூன்று முதல் பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணின் எலும்புகள். பக்கத்தில் உடைந்த சிறு கண்ணாடிக் குப்பி.

குழியை மூடியிருந்தவை மூன்று சுட்ட மண் ஓடுகள். அவற்றில் சிவப்பு வண்ணத்தில் இப்படி எழுதியிருந்தது:

லூமேனா | பாக்ஸ் தே | கும் ஃபி

இடமிருந்து வலமாக வாசித்தால் பொருள் வராது. முதல் ஓட்டைக் கடைசிக்கு நகர்த்தினால் வருகிறது: ‘பாக்ஸ் தேகும் ஃபிலூமேனா’, அதாவது ‘சமாதானம் உன்னோடு, ஃபிலூமேனா’. எழுத்துகளுக்கு நடுவே நங்கூரம், அம்புகள், குருத்தோலை முதலிய படங்கள்.

ஓட்டில் இருப்பது உகரம் என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன ‘ஃபிலூமெனே’ அப்படியே இருக்கிறது. கவனிக்க இன்னொன்றும் உண்டு: ‘மறைசாட்சி’ என்ற சொல் ஓடுகளில் எங்குமே இல்லை. மறைசாட்சி என்றால் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது கண்ணாடிக் குப்பி. கல்லறையில் குருத்தோலைப் படமும் இரத்தக் கறையுள்ள குப்பியும் இருந்தால் அது மறைசாட்சியின் கல்லறை என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது 1668-இல் ரோம் வகுத்த விதி. அந்தக் குப்பிகளில் பல நறுமணத் தைலம் வைத்தவை என்று பிற்கால அறிஞர்கள் சொன்னார்கள். 1802-இல் யாரும் அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

ஓடுகளிலிருந்து ஒரு வாழ்க்கை வரலாறு

மூன்று ஆண்டுகள் அந்த எலும்புகள் ரோமிலேயே கிடந்தன. 1805-இல் நேப்பிள்ஸ் அருகிலுள்ள முஞ்ஞானோ தெல் கார்தினாலே என்ற சிற்றூரைச் சேர்ந்த பிரான்செஸ்கோ தெ லூசியா என்ற குரு, தம் ஊர்க் கோயிலுக்கு ஒரு மறைசாட்சியின் திருப்பண்டம் வேண்டும் என்று கேட்டு இதைப் பெற்றார். (புனிதரின் உடல் எச்சமோ அவர் பயன்படுத்திய பொருளோ திருப்பண்டம் எனப்படும்.) ஆகஸ்ட் 10 அன்று அது முஞ்ஞானோவை அடைந்தது. திருவிழா ஆகஸ்ட் 11 ஆனது இந்த நிகழ்ச்சியை ஒட்டித்தான்.

திருப்பண்டம் வந்ததும் மக்களுக்குக் கதை வேண்டியிருந்தது. கையில் இருந்தவை ஒரு பெயரும் சில படங்களும். தெ லூசியா ஓட்டுப் படங்களிலிருந்து வேதனைகளை ஊகித்து எழுதினார். பிறகு நேப்பிள்ஸைச் சேர்ந்த மரிய லூயிசா என்ற கன்னியாஸ்திரி, புனிதரே தமக்குத் தோன்றித் தன் வரலாற்றைச் சொன்னதாக அறிவித்தார். 1833-இல் அது திருச்சபை அனுமதியோடு வெளிவந்தது. கதை இதுதான்: ஃபிலோமேனா ஒரு கிரேக்கச் சிற்றரசனின் மகள். பெற்றோருடன் ரோமுக்கு வந்தவளைப் பேரரசன் தியோக்ளேசியன் மணக்கக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். சாட்டையடி. கழுத்தில் நங்கூரம் கட்டித் தைபர் ஆற்றில் எறிகிறார்கள், வானதூதர் காக்கிறார்கள். அம்பு எய்கிறார்கள், குணமாகிறாள். கடைசியில் தலை வெட்டப்படுகிறது.

ஓட்டுப் படங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நங்கூரம் ஆற்றில் எறிந்த கதையாகிவிட்டது, அம்புகள் அம்பெய்த கதையாகிவிட்டன, குருத்தோலை இறுதி வெற்றியாகிவிட்டது. ஆனால் பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் நங்கூரம் எங்கும் காணப்படும் படம். எபிரேயர் திருமுகம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்று சொல்வதால் வந்த அடையாளம் அது, கொலைக் கருவியின் படமல்ல.

‘ஒளியின் மகள்’ என்ற பொருளும் இந்தத் தரிசனக் கதையில்தான் வருகிறது. ‘லூமேனா’ என்று தனியாக ஒரு ஓடு, ‘ஃபி’ என்று வேறொரு ஓடு. ‘லூமென்’ லத்தீனில் ஒளி, ‘ஃபிலியா’ மகள். ஓடு உடைந்த இடத்தில் பெயரும் உடைந்து, உடைந்த துண்டுகளுக்குப் பொருள் பிறந்துவிட்டது.

என் பார்வையில் இந்த விவகாரத்தின் மையம் இதுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையிலிருந்து இங்கே பெயர் வரவில்லை. பெயரிலிருந்து ஒரு வாழ்க்கை உண்டாக்கப்பட்டது. ஏமாற்றும் நோக்கம் இதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் நடுகல்லில் ஒரு குதிரையும் வாளும் இருந்தால், அதைச் சுற்றி ஒரு வீரனின் கதை தானே வளர்ந்துவிடுவதில்லையா?

பிரான்ஸ் வழியாக மைசூருக்கு

இத்தாலியச் சிற்றூர் ஒன்றின் பக்தி உலகம் சுற்றியதற்கு இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் காரணம்.

முதலாமவர் லியோன் நகரத்து பவுலின் ஜாரிகோ. வாரம் ஒரு செப்புக்காசு என்று எளியவர்களிடம் திரட்டி மறைப்பணித் தளங்களுக்கு அனுப்பும் விசுவாசப் பரப்புதல் சங்கத்தை 1822-இல் தொடங்கி வைத்தவர். கடும் இதய நோயோடு 1835 ஆகஸ்டில் முஞ்ஞானோ சென்ற அவர் அங்கே குணமடைந்தார். அதைத் தொடர்ந்து 1837-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி, ஃபிலோமேனாவின் நினைவாகத் திருப்பலி நிறைவேற்ற அனுமதி அளித்தார். ஜாரிகோவுக்கே 2022 மே மாதம் அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கிடைத்தது.

இரண்டாமவர் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நன்றாக அறிந்த ஆர்ஸ் ஊர்ப் பங்குக்குரு ஜான் மரிய வியான்னி. தம்மைத் தேடி வந்தவர்களுக்குக் கிடைத்த நன்மைகளை எல்லாம் ‘என் குட்டிப் புனிதை செய்தாள்’ என்று ஃபிலோமேனாவின் கணக்கில் எழுதிவிடுவார். அவரைக் காண ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பெயர் அவர்களோடு திரும்பிப் போனது.

அதே காலத்தில் தமிழகத்திலும் மைசூரிலும் மறைப்பணி செய்தவர்கள் யார்? புதுச்சேரி, மைசூர், கோவைப் பகுதிகளில் பாரிஸ் அந்நிய வேதபோதகச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள். மதுரைப் பகுதியில் 1838 முதல் பிரெஞ்சு இயேசு சபையினர். ஜாரிகோவின் சங்கம் காசு திரட்டியதும் இப்படிப்பட்ட தளங்களுக்காகத்தான். பிலோமினா என்ற பெயர் நம் திருமுழுக்குப் பதிவேடுகளுக்குள் இந்த வழியாகவே நுழைந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

மைசூரின் கதைக்குக் கணிப்பு தேவையில்லை. மன்னரின் செயலாளராக இருந்த தம்பு செட்டி, கீழையிந்தியாவுக்கான திருத்தந்தைத் தூதர் பிசானியிடமிருந்து 1926-இல் பிலோமினாவின் திருப்பண்டம் ஒன்றைப் பெற்று கொஷே என்ற குருவிடம் ஒப்படைத்தார். கோயில் கட்ட கொஷே அரண்மனையின் உதவியை நாடினார். 1933 அக்டோபர் 28 அன்று அடிக்கல் நாட்டியவர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். ஜெர்மனியின் கோலோன் பேராலயத்தை மனத்தில் வைத்து எழுப்பிய அந்தக் கோயிலின் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம். ஓர் இந்து மன்னரின் ஆதரவில் எழுந்த கோயில், ரோமில் கிடைத்த கிரேக்கப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தொல்லியல் எழுப்பிய கேள்வி

கோயில்கள் எழுந்துகொண்டிருந்தபோதே ரோமில் சந்தேகம் தொடங்கியிருந்தது. கல்லறைத் தொல்லியலில் பெயர் பெற்ற ஒராசியோ மருக்கி 1904-இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இது:

1. சிவப்பு வண்ணத்தில் ஓட்டில் எழுதும் முறை பிரிசில்லா கல்லறையின் பழைய காலத்துக்கு உரியது.
2. உடல் வைக்கப்பட்டிருந்த குழியோ நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது.
3. அந்தக் காலத்தில் பழைய குழிகளின் ஓடுகளைப் பெயர்த்துப் புதிய குழிகளை மூடும் வழக்கம் இருந்தது. அப்படிச் செய்தபோது, உள்ளே இருப்பவர் ஓட்டில் பெயருள்ளவர் அல்ல என்று காட்ட ஓடுகளை வேண்டுமென்றே வரிசை மாற்றிப் பதித்தார்கள்.
4. எனவே ஃபிலூமேனா வேறொருத்தி. எலும்புக்குரிய பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தை அனுமதித்த 313-க்குப் பிறகு கிறிஸ்தவர்கள் மேலான வதை ஓய்ந்துவிட்டதால், அவள் மறைசாட்சியாக இருந்திருக்கவும் வாய்ப்புக் குறைவு.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. கொத்தர் அவசரத்தில் ஓடுகளை மாற்றி வைத்திருக்கலாம் என்றார்கள். அது நடக்கக்கூடியதே. ஆனால் அவர்கள் வாதம் வென்றாலும் நிலைநிற்பது ‘ஃபிலூமேனா என்ற பெண் இங்கே அடக்கம்’ என்பது மட்டுமே. கிரேக்க அரசனும் தியோக்ளேசியனும் அதிலிருந்து வரமாட்டார்கள்.

1961-இல் உண்மையில் நடந்தது

1961 பிப்ரவரி 14 அன்று, மறைமாவட்ட நாட்காட்டிகளைச் சீரமைக்கும் பொது அறிவுறுத்தல் ஒன்றை வத்திக்கானின் வழிபாட்டுச் சடங்குகளுக்கான பேராயம் (நிர்வாகத் துறை) வெளியிட்டது. ஆகஸ்ட் 11-க்குரிய புனித ஃபிலுமேனாவின் விழாவை எல்லா நாட்காட்டிகளிலிருந்தும் எடுத்துவிடுமாறு அதில் ஒரு வரி. அந்த லத்தீன் வரியும் பெயரை உகரத்தோடுதான் எழுதுகிறது.

குழப்பம் ஒரே சொல்லை நான்கு பொருளில் பயன்படுத்துவதால் வருகிறது. அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

புனிதர் பட்டம் என்பது திருத்தந்தை விசாரணைக்குப் பின் முறைப்படி அறிவிப்பது. பிலோமினாவுக்கு அது வழங்கப்படவே இல்லை. ஆகவே பறிப்பதற்கும் எதுவும் இல்லை.

வழிபாட்டு நாட்காட்டி என்பது எந்த நாளில் யாருக்காகத் திருப்பலி என்று சொல்லும் பட்டியல். 1961-இல் நீக்கியது இதிலிருந்துதான். 1837-இல் கொடுத்த அனுமதி இங்கே முடிவுக்கு வந்தது.

ரோமை மறைசாட்சியர் ஏடு என்பது திருச்சபை ஏற்கும் புனிதர்களின் பெரிய பட்டியல். முஞ்ஞானோவின் பிலோமினா அதில் இடம்பெற்றதே இல்லை. ஆகவே ‘பட்டியலிலிருந்து நீக்கினார்கள்’ என்று சொல்லும்போது எந்தப் பட்டியல் என்று கேட்க வேண்டும்.

தனிப்பட்ட பக்தி என்பது ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடுவது. ஆணை இதைத் தடுக்கவில்லை. முஞ்ஞானோவில் ஆகஸ்ட் மாதத் திருவிழா இன்றும் நடக்கிறது. மைசூர்ப் பேராலயமும் அங்கும் கர்நாடகத்தின் புத்தூரிலும் உள்ள கல்லூரிகளும் பெயரை மாற்றவில்லை.

1969-இல் பொது நாட்காட்டியிலிருந்து கிறிஸ்டோபர், அலெக்சாந்திரியா கத்தரினா முதலியோரின் நாள்கள் எடுக்கப்பட்டதையும் இதையும் பலர் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். வேறுபாடு பெரிது. கிறிஸ்டோபர் மறைசாட்சியர் ஏட்டில் தொடர்ந்தார். கத்தரினாவின் நாள் 2002-இல் நாட்காட்டிக்கே திரும்பிவிட்டது. பிலோமினாவுக்கு இரண்டும் இல்லை.

பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். தயக்கம் எங்கிருந்து வந்தது என்றால் பழைய சட்டத்திலிருந்து. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 761-ஆம் விதி, குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுவதைப் பங்குக்குரு உறுதிசெய்ய வேண்டும், பெற்றோர் இணங்காவிட்டால் அவர்கள் சொன்ன பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோது, 1961 ஆணைக்குப் பிறகு ‘பிலோமினா இப்போது புனிதர் பெயரா’ என்ற கேள்வி நியாயமானதே. 1983-இல் வந்த புதிய சட்டத்தின் 855-ஆம் விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர் விழாவுக்கு (தம் பெயருள்ள புனிதரின் நாளைக் கொண்டாடுவதற்கு) நாட்காட்டியில் ஒரு நாள் வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. இத்தாலியின் சான் செவரினோவில் வணங்கப்படும் இன்னொரு பிலோமினா இருக்கிறார். ஓடுகளோடும் முஞ்ஞானோவோடும் அவருக்குத் தொடர்பில்லை. பழைய மறைசாட்சியர் ஏட்டில் அவருடைய நாள் ஜூலை 5.